பெரிசு டவுனுக்கு, பொடிசு ஊருக்கு: இரண்டு வீட்டுக்கு எந்த வளர்ப்பு மீன்?

அம்மா வருடத்தில் பாதி நாள் அம்பத்தூரில் எங்களோடு இருப்பார். மீதி நாள் நீடாமங்கலம் பக்கத்தில் அக்கா வீட்டில். போன வருடம் டாக்டர், "ஆட்டுக்கறியக் குறைச்சுட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் மீன் சேத்துக்குங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். வாரத்துக்கு இரண்டு நாள் வஞ்சிரமும் சங்கராவும் வாங்கினால் எங்கள் வீட்டு மாதக் கணக்கு பதினைந்தாம் தேதியே படுத்துவிடும். அக்கா ஊருக்கு நல்ல கடல் மீன் வந்து சேர்வதே பாடு. ஆக, வளர்ப்பு மீன்தான் என்று முடிவானது. எந்த வளர்ப்பு மீன் என்பதில்தான் எனக்கும் அக்காவுக்கும் ஒரு வருடமாக போனில் வழக்கு.

நான் முதலில் செய்தது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு ஒரு தாளில் கோடு போட்டதுதான். ஒரு பக்கம் மீன் பெயர், மறு பக்கம் கிலோ விலை, அடுத்து புரதம். ரோகு, கட்லா, ஜிலேபி, பாஸா, கொடுவா. எது மலிவோ அதை இரண்டு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பங்குனியில் அக்கா ஊருக்குப் போய்க் குளத்தங்கரையில் ஒரு காலைப்பொழுது நின்ற பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

ஐந்தரை மணி இருக்கும். ஊர்க் குளத்தைக் குத்தகை எடுத்தவர் வலை இழுக்க ஆள் வைத்திருந்தார். இடுப்பளவு தண்ணீரில் ஆறு பேர், கரையில் கும்பகோணத்திலிருந்து வந்த டாடா ஏஸ், அதில் உடைத்த ஐஸும் பிளாஸ்டிக் டப்பும். ஊர்ப் பெண்கள் அன்னக்கூடையோடும் எவர்சில்வர் குண்டானோடும் படித்துறையில் உட்கார்ந்திருந்தார்கள். வலை கரைக்கு வந்ததும் இரண்டு பையன்கள் மீனைப் பிரித்தார்கள். தராசெல்லாம் இல்லை, கண்ணளவுதான். முக்கால் கிலோவைத் தாண்டிய கட்லாவும் ரோகுவும் வண்டியில் இருந்த டப்புக்கு. அதற்குக் கீழே உள்ளதும், மிர்காலும், வலையில் தானாக வந்து மாட்டிய ஜிலேபியும் கரையில் விரித்த தார்ப்பாய்க்கு. "பெரிசு டவுனுக்கு, பொடிசு ஊருக்கு" என்றார் குத்தகைக்காரர், ஏதோ சட்டப் புத்தகத்தில் இருப்பது போல.

ஒரே குளம், ஒரே தண்ணீர், ஒரே தவிடும் கடலைப் புண்ணாக்கும் தின்ற மீன். கரையிலேயே அது இரண்டு சரக்காகப் பிரிந்துவிடுகிறது. நகரத்து வீடும் கிராமத்து வீடும் வளர்ப்பு மீன் சாப்பிடுவதில் உள்ள வித்தியாசம் முக்கால்வாசி இந்தத் தார்ப்பாயில்தான் இருக்கிறது. அரசாங்கத்தின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் தேடினால் இது கிடைக்காது. அங்கே மீனும் இறாலும் சேர்ந்து ஒரே வரி. கடலில் பிடித்ததா குளத்தில் வளர்த்ததா, முழு மீனா துண்டமா என்று யாரும் கேட்பதில்லை.

பெரிசு ஏன் டவுனுக்குப் போகிறது? முள்தான் காரணம். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் கெண்டை இனம். அதற்கெல்லாம் நடுமுள் போக, சதைக்குள்ளேயே கவட்டை மாதிரி பிரிந்த பொடி முள் உண்டு. மூன்று கிலோ கட்லாவில் அது கண்ணுக்குத் தெரிகிற கம்பி, விரலால் எடுத்துப் போட்டுவிடலாம். அரைக்கிலோ மிர்காலில் அது மயிரிழை. கிராமத்தில் பிறந்து வளர்ந்த நாக்கு அதைத் தானாகவே ஒதுக்கிவிடும். அக்கா பையன் ஆறு வயதில் மிர்கால் குழம்பு சாப்பிடுகிற லாகவத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், இன்னும் முள் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அதனால் நகரத்துக் கடையில் கெண்டை என்றாலே துண்டம்தான். எங்கள் தெருமுனையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை போடுபவர் ஏரி மீன் என்று சொல்லித்தான் விற்பார். ஆனால் அதில் பாதிக்கு மேல் எந்த ஏரியையும் பார்த்ததில்லை. ஆந்திராவில் பீமவரம், கைகலூரு பக்கத்துக் குளங்களில் வளர்ந்து, ஐஸ் போட்டு லாரியில் வந்தது. கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள அந்தக் குளங்கள்தான் கொல்கத்தாவுக்கும் கவுகாத்திக்கும் கூட மீன் அனுப்புகின்றன. எங்கள் கடைக்காரருக்கு இப்போது பாதி வாடிக்கை தொழிற்பேட்டையில் வேலை செய்கிற வங்காளிப் பையன்களும் ஒடியாக்காரர்களும்தான். அவர்கள் கட்லா தலையைக் கேட்டு வாங்குவார்கள். நம்மவர்கள் "தலை வேணாம், சதை மட்டும் போடுங்க" என்பார்கள். கட்லாவுக்குத் தலை பெரிசு என்பதால் தலையோடு வாங்கினால் ஒரு விலை, தலை இல்லாமல் இன்னொரு விலை. போன மாதம் எனக்குத் தலையோடு 220, தலையில்லாமல் 300. வாரத்துக்கு வாரம் மாறும், இதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, அம்பத்தூர் வீட்டுக்கு என்னென்ன வழி இருக்கிறது?

கையில் முதலில் வருவது பாஸா. ஆப்பில் ஆர்டர் போட்டால் அரை மணியில் வெள்ளையாக, முள்ளில்லாமல், நாற்றமில்லாமல் வாசலுக்கு வந்துவிடும். மேக்கோங் ஆற்றுப் படுகையில் வியட்நாம்காரர்கள் பெரிய தொழிலாகச் செய்கிற பங்காசியஸ் என்கிற கெளுத்தி இனம் இது. தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் குடித்துக்கொள்ளும், அதனால் ஒரே குளத்தில் நெருக்கமாக விட்டு வளர்க்கலாம். தொண்ணூறுகளில் இந்தியாவுக்குள் வந்து இப்போது ஆந்திராவிலும் குளம் குளமாக இருக்கிறது. முழு மீனாக மார்க்கெட்டில் பார்த்தால் இதுதான் அந்த பாஸா என்று பல பேர் நம்ப மாட்டார்கள். சாம்பல் நிறத்தில், மீசையோடு, ஃபிரிட்ஜில் இருக்கும் வெள்ளைத் துண்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத முகம்.

பாஸாவைப் பற்றி நான் கேள்விப்பட்ட பயமுறுத்தல்களில் பாதி வாட்ஸ்அப் கதை. அதை விட்டுவிடலாம். எனக்குப் பிரச்சினை எடையில்தான். அரைக்கிலோ உறைந்த பாக்கெட் ஒன்றை 280 ரூபாய்க்கு வாங்கி, இரவு முழுக்க ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, தண்ணீரை வடித்துவிட்டுச் சமையலறைத் தராசில் வைத்தேன். 410 கிராம். மீன் காய்ந்துபோகாமல் இருக்க மேலே ஐஸ் பூச்சு கொடுப்பார்கள், அதுவும் சதையில் ஏற்றிய தண்ணீரும் போய்விட்டது. ஆக, கிலோ 560 என்று நினைத்தது கிட்டத்தட்ட 680. டாக்டர் மீன் சாப்பிடச் சொல்வது ஒமேகா-3 கொழுப்புக்காக. பாஸாவில் கொழுப்பே சொற்பம், அதில் ஒமேகா-3 இன்னும் சொற்பம். புரதமும் ரோகுவை விடக் கொஞ்சம் கம்மிதான். சுருக்கமாகச் சொன்னால், மீன் பிடிக்காதவர்களுக்கான மீன்.

அப்படியும் அதை முழுக்க ஒதுக்க மாட்டேன். முள் என்றாலே தட்டைத் தள்ளிவிடுகிற மகள், பாஸாவைக் கட்லெட்டாகவும் மிளகு போட்டு வறுத்தும் சாப்பிட்டுத்தான் மீன் பக்கமே வந்தாள். பல் போன பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கும் அது வசதி. மாதத்துக்கு ஒரு பாக்கெட், அவ்வளவுதான்.

அடுத்தது ஜிலேபி. இதன் பெயரைச் சொன்னாலே சென்னையில் பாதி வீடுகளில் முகம் சுளிப்பார்கள். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து விட்ட மொசாம்பிக் திலேப்பியா எல்லாக் குளத்திலும் சாக்கடையிலும் குஞ்சு பொரித்துப் பெருகி, விரலளவிலேயே நின்றுபோய், கெட்ட பெயர் சம்பாதித்துக்கொண்டது. இப்போது பண்ணையில் வளர்ப்பது அது இல்லை. 1988-லிருந்து பிலிப்பைன்ஸில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய 'கிஃப்ட்' ரகம். வேகமாக வளரும், சதை கெட்டி. கெண்டைக்கு இருக்கிற அந்தக் கவட்டை முள் இதற்குக் கிடையாது. நடுமுள்ளும் விலாமுள்ளும்தான், இரண்டையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். போன மாதம் எங்கள் பக்கம் கிலோ 160. ஒரு கிலோ வாங்கிச் சுத்தம் செய்து, கையால் முள் ஒதுக்கிச் சாப்பிட்டால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சதை தேறும். வெறும் சதைக் கணக்கில் பார்த்தாலும் கிலோ 350 பக்கம்தான் வருகிறது, பாஸாவுக்குக் கொடுப்பதில் பாதி. ஐஸ் பெட்டி வைத்த பண்ணைக்காரர் யாராவது வாரம் ஒருமுறை வருகிறார் என்றால், நகரத்துக் குடும்பத்துக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். என் மனைவி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ பேரை மாத்திச் சொல்லி வாங்கிட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்கிறாள்.

கொடுவா விருந்தாளி வரும்போது வாங்குகிற மீன். சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-லேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டது. ஆனால் அது மீன் தின்கிற மீன், தீனிச் செலவு அதிகம், விலை இறங்கவே இல்லை. வனாமி இறாலைப் பற்றி ஒரு வரி போதும்: நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்து, கிலோவுக்கு முப்பது இறால், நாற்பது இறால் என்று தரம் பிரித்துக் கப்பல் ஏறிவிடும். குளத்துக்குப் பக்கத்து வீட்டில் அது வேகுவது, நோய் வந்து அவசரமாக அறுவடை செய்கிற வாரத்தில்தான்.

அக்கா வீட்டுப் பக்கம் போனால் கேள்வியே வேறு.

அங்கே எந்த மீன் வாங்குவது என்று பெரிதாக யோசிக்க ஒன்றும் இல்லை. எப்போது கிடைக்கும் என்பதுதான் விஷயம். ஜூனில் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து குளம் நிறைந்த பிறகு ஆடி, ஆவணியில் குஞ்சு விடுவார்கள். தையிலிருந்து சித்திரை வரை ஊர் ஊராக வலை இழுப்பு. அந்த நாலு மாதமும் கரையிலேயே, செவுள் துடிக்கிற மீன், கிலோ 120-க்குக் கிடைக்கும். சில நாள் காசும் வேண்டாம். வலை இழுத்த வீட்டுப் பங்கு, குத்தகைக்காரர் கொடுத்த மரியாதைப் பங்கு என்று தூக்குவாளியில் வந்துவிடும். மதுரை, சிவகங்கைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடத்துவார்களே, ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் எடுத்துக்கொண்டு ஊரே இறங்கும். அன்று பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில்தான் குழம்பு வைக்க வேண்டும் என்று பல ஊர்களில் கட்டுப்பாடு. அதுவும் ஊரில் குஞ்சு வாங்கி விட்ட மீன்தான் பாதி. கடையும் இல்லை, விலையும் இல்லை, ஆனால் ஒரு நாளில் ஒரு வீடு ஐந்து கிலோ மீன் சாப்பிடுகிறது.

சித்திரை தாண்டினால் நிலைமை தலைகீழ். குளம் வற்றிவிடும், அடுத்து நிறைந்தாலும் மீன் விரலளவில் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் விசைப்படகுத் தடையும் சேர்ந்துகொள்ளும். அப்போது அக்கா வீட்டு வாசலுக்கு வருவது, டிவிஎஸ் வண்டியில் தெர்மாகோல் பெட்டி கட்டியவர். அவரிடம் இருப்பது பெரும்பாலும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கடையில் இருக்கிற அதே ஆந்திரா லாரி மீன். சென்னைக்கு வருவதை விட ஒரு நாள் கூடுதலாகப் பயணம் செய்தது, கிலோவுக்கு இருபது ரூபாய் கூடுதல். குளத்தை வாசலில் வைத்துக்கொண்டு வருடத்தில் பாதிக்கு மேல் ஐஸ் மீன் வாங்குவது கிராமத்து வீடுதான் என்பது எனக்கு அங்கே போய்த்தான் உறைத்தது. இந்த மாதங்களில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அக்கா வாங்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். செவுள் ரத்தச் சிவப்பாக இல்லாமல் பழுப்பாகிவிட்டால் அன்று கருவாடோ முட்டையோ போதும். இன்னொன்று, தோலுரித்து விற்கிற கெளுத்தியை முன்பின் தெரியாதவரிடம் வாங்குவதே இல்லை. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கோழிக்கழிவு போட்டு வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோல் போன பிறகு நாட்டுக் கெளுத்திக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

குளத்து மீனுக்கே உள்ள மண் வாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்தில் பாதிப் பேர் வளர்ப்பு மீனை விடுவது அதனால்தான். அந்த வாடை குளத்துப் பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்குகிற ஒரு பொருளிலிருந்து வருவது, மீன் கெட்டதற்கு அடையாளம் இல்லை. புளிப்பு பட்டால் அடங்கிவிடும். அக்கா கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்த மோரில் கால் மணி ஊற வைத்து, புளியைக் கொஞ்சம் தாராளமாகக் கரைத்துக் குழம்பு வைப்பாள். மறுநாள் காலை அந்தக் குழம்பில் மண்ணும் இல்லை வாடையும் இல்லை. நாங்கள் அம்பத்தூரில் அதே ரோகுவை எண்ணெய் குறைவாகத் தவாவில் போட்டு எலுமிச்சை பிழிந்து சாப்பிடப் பார்த்தோம், வாடை முன்னால் வந்து நின்றது. குளத்து மீன் குழம்புக்கு, ஜிலேபியும் கொடுவாவும் வறுவலுக்கு என்று பிரித்துக்கொண்டால் தொல்லை தீர்ந்தது.

இவ்வளவு நேரமும் பெரிசைப் பற்றியே பேசிவிட்டேன். உண்மையில் என் தாளைக் கிழிக்க வைத்தது அந்தத் தார்ப்பாயில் கிடந்த பொடிசு.

டவுனுக்குப் போகாத மீன் என்றால் மட்டமான மீன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பங்களாதேஷில் பொடி மீனின் சத்தைப் பற்றிப் பல வருடம் ஆராய்ச்சி செய்தவர் ஷகுந்தலா தில்ஸ்டெட். அதற்காக 2021-ல் உலக உணவுப் பரிசு வாங்கினார். அங்கே மோலா என்று விரலளவு மீன் ஒன்று. தலையோடும் முள்ளோடும் அப்படியே சாப்பிடுவார்கள், அதனால் கால்சியமும் வைட்டமின் ஏ-வும் பெரிய கெண்டைத் துண்டத்தில் கிடைப்பதை விடப் பல மடங்கு. கெண்டை வளர்க்கிற குளத்திலேயே மோலாவையும் விட்டு வளர்க்கலாம், கெண்டையை விற்றுக் காசாக்கி மோலாவை வீட்டில் சமைக்கலாம் என்று காட்டினார்கள். குத்தகைக்காரர் சொன்ன அதே வாக்கியம்தான், அங்கே யோசித்துச் செய்தது.

நம் பக்கத்தில் நடப்பது நேர் எதிர். குஞ்சு விடுவதற்கு முன்னால் குளத்தில் இலுப்பைப் புண்ணாக்கு போடுவார்கள். குஞ்சைத் தின்கிற விராலையும் தீனிக்குப் போட்டி போடுகிற களை மீனையும் ஒழிக்க அதுதான் வழி. களை மீன் என்று அவர்கள் சொல்வது அயிரை, உளுவை, பொடிக் கெண்டை. அம்மா சின்ன வயதில் வாய்க்காலில் துண்டு விரித்துப் பிடித்த மீன்கள் அவை. புண்ணாக்கு விழுந்த குளத்தில் கட்லா நன்றாக வளரும், கணக்குப் பார்த்தால் ஊருக்கு மீன் கிலோக் கணக்கில் கூடத்தான் செய்திருக்கும். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் தட்டில் முள்ளோடு மென்று தின்கிற மீன் குறைந்துவிட்டது. மதுரையில் அயிரை இப்போது ஆட்டுக்கறி விலைக்குக் குறையாமல் விற்கிறது. ஒரு காலத்தில் காசு கொடுக்க யோசித்த மீன் அது.

அதனால்தான் அக்கா வீட்டுக்கு நான் சொன்னது: தை முதல் சித்திரை வரை கரையில் பொடிசையே வாங்கு. பெரிசு வேண்டும் என்று குத்தகைக்காரரிடம் கெஞ்ச வேண்டாம். கால் கிலோவுக்குக் கீழே உள்ளதை நன்றாகக் கீறி, முறுகலாக வறுத்தால் பொடி முள்ளும் சேர்ந்து போய்விடும். வைகாசி முதல் மார்கழி வரை வண்டிக்காரரிடம் ஜிலேபி மட்டும், அதுவும் செவுள் பார்த்து. நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிற மீன்காரம்மா மத்தியோ கவலை மீனோ கொண்டுவந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை வாங்கிவிட வேண்டும். டாக்டர் சொன்ன கொழுப்பு விஷயத்தில் நெய் மத்திக்குப் பக்கத்தில் எந்தக் குளத்து மீனும் வராது. வளர்ப்பு மீனைப் பற்றி எழுதிக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

அம்பத்தூருக்கு: ஞாயிறு இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட கட்லாவில் நடுத்துண்டம், குழம்புக்கு. வாரநடுவில் கிஃப்ட் ஜிலேபி வறுவல், கிடைத்தால் மத்தி. புரட்டாசியில் அம்மா மீன் தொட மாட்டார், அந்த மாதம் விலை இறங்கும்போது நாங்கள் மூன்று பேரும் கொடுவா வாங்கிக்கொள்கிறோம், அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான்.

அக்காவோடு வழக்கு முழுதாகத் தீரவில்லை. போன வாரம் போன் செய்தாள். பின்னால் இருக்கும் பண்ணைக்குட்டையில் இந்த ஆவணிக்குக் குஞ்சு விடப் போகிறார்களாம், மாமா இலுப்பைப் புண்ணாக்கு இரண்டு மூட்டை வாங்கி வைத்திருக்கிறாராம். "அம்மா அந்த மூட்டை மேல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது. உளுவை இருக்குதாம் குட்டையில. நீயே வந்து பேசிக்க" என்றாள்.